விலக்கிவிட ஆளில்லாத சண்டை

வாசகர் கேள்வி – பதில்

பஞ்சாபின் வட்டக் கபடி ஆட்டக்காரர் சந்தீப் நங்கல் அம்பியான் 2022 மார்ச் 14 அன்று, ஜலந்தர் மாவட்டத்தில் நகோதருக்கு அருகே கபடிப் போட்டி நடந்துகொண்டிருந்த இடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் நான்கு வரியில் பதில் எழுதி நகர்ந்துவிட்டேன். அது போதவில்லை என்பதை அடுத்து வந்த கடிதங்கள் உணர்த்தின. கபடி ஊறிய மண்ணிலிருந்து வந்த கடிதங்கள் அவை. அழுதவர்களும், கோபப்பட்டவர்களும், துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி ஒருவரோடொருவர் வாதிட்டவர்களும் எழுதியிருக்கிறார்கள். எனவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

*

கேள்வி: ஐயா, நான் எங்கள் ஊர் அணிக்குப் பிடி ஆடுகிறவன். சந்தீப்பின் ஆட்டங்களைச் செல்போனில் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் எதிராளியின் இடுப்பைச் சேர்த்துக் கட்டப் பழகினேன். அவர் கொல்லப்பட்ட அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. “எங்கேயோ இருக்கிற ஆளுக்கு இங்கே உட்கார்ந்து அழுகிறாயே” என்று வீட்டில் திட்டினார்கள். இன்றைக்கும் அந்த ஆட்டங்களைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது. நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவருக்காக இப்படி அழுவது தவறா?
– கபடி ஆடும் இளைஞர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தவறே இல்லை, தம்பி. உங்களுக்குப் பிடி சொல்லிக்கொடுத்தவர் அவர். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாரா, கைக்குள் அடங்கும் திரையில் சொல்லிக்கொடுத்தாரா என்பது உங்கள் உடம்புக்குத் தெரியாது. அடுத்த முறை ஒரு ரெய்டரின் இடுப்பில் உங்கள் கை விழும்போது அந்தப் பிடி அவருடையதாகவே இருக்கும். வித்தை கொடுத்தவர் போனால் மனம் கலங்கத்தானே செய்யும்?

பஞ்சாபின் வட்டக் கபடி நம் ஊர்க் கபடியிலிருந்து வேறுபட்டது. அங்கே பிடிக்கிறவரை ‘ஜாஃபி’ என்பார்கள். ஏழு பேர் வளைத்து அமுக்குகிற ஆட்டம் அதுவன்று. பாடி வருகிறவரை ஒரே ஒருவர் எதிர்கொண்டு நிறுத்த வேண்டும். அந்த ஒற்றைக்கு ஒற்றைப் பிடியில் பெயர் வாங்கியவர் சந்தீப். பிரிட்டனில் குடியேறிய பின்னும் பிறந்த மண்ணின் போட்டிகளுக்காக வந்துபோய்க்கொண்டிருந்தவர். ஆட்டத்துக்காக வந்த இடத்தில் உயிர் போனது என்பதுதான், ஆட்டக்காரராகிய உங்களை இந்த அளவுக்குத் தைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். கபடிக் களம் உங்களுக்கு வீட்டு வாசலைப் போன்றது. அந்த வாசலில் வைத்தே சுட்டிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டார் கேட்ட கேள்வியை உலகின் பல மூலைகளிலும் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்தில் வாஷிங்டன் அணிக்கு ஆடிய ஷான் டெய்லர் 2007 நவம்பர் 26 அன்று அதிகாலையில், புளோரிடாவில் உள்ள தம் வீட்டுக்குள் திருட நுழைந்தவர்களால் தொடையில் சுடப்பட்டார். பெரிய ரத்தக்குழாய் அறுந்து மறுநாள் இறந்துபோனார். வயது 24. அடுத்த ஞாயிறன்று அவருடைய அணி பஃபலோ அணியுடன் மோத வேண்டியிருந்தது. தடுப்பாட்டத்தில் 11 பேர் நிற்க வேண்டிய முதல் ஆட்டத்துக்கு அவர்கள் 10 பேரை மட்டும் இறக்கினார்கள். டெய்லர் நிற்கும் இடத்தை வெறுமையாக விட்டார்கள். எதிரணி அதைப் பயன்படுத்திக்கொண்டு 22 கெஜம் ஓடியது. அந்த ஆட்டத்தை ஒரே ஒரு புள்ளியில், 17–16 என்று வாஷிங்டன் தோற்றது. தோற்றதைவிட, அரங்கில் இருந்தவர்கள் அந்தக் காலி இடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் டெய்லரோடு ஒரு வார்த்தை பேசியிருப்பார்கள்?

வீட்டாரிடம் கோபப்படாதீர்கள். உங்கள் அப்பாவுக்கு அந்த ஆட்டங்களில் ஒன்றை உட்கார வைத்துக் காட்டுங்கள். எந்தப் பிடியை எப்படிக் கற்றீர்கள் என்று சொல்லிக் காட்டுங்கள். அவருக்குப் புரியும்.

*

கேள்வி: அமெரிக்காவில் விளையாட்டு வீரர் ஒருவர் சுடப்பட்டால், அடக்கம் முடியும் முன்பே துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி ரசிகர்கள் அடித்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறார்கள் என்று படித்தேன். எழவு வீட்டில் நியாயம் பேசக் கூடாது என்பதே நம் பெரியவர்கள் சொன்ன வழக்கம். அந்த வாதம் இறந்தவருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாதா?
– பள்ளி ஆசிரியை, திருப்பூர்

பதில்: அம்மணி, நீங்கள் சொல்லும் வழக்கத்தின் மீது எனக்கும் மதிப்பு உண்டு. பங்காளிச் சண்டையையும் பாகப்பிரிவினையையும் பிணம் கிடக்கும்போது பேசக் கூடாது. கருமாதி முடியட்டும் என்பார்கள். ஆனால் அதே பெரியவர்கள் வேறொன்றும் செய்வார்கள். தோட்டத்தில் மோட்டார் அறைக்குள் கை வைத்து ஒருவர் மின்சாரம் பாய்ந்து செத்துவிட்டால், எழவுக்கு வந்தவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எதைப் பேசுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். எர்த் கம்பி சரியாக இருந்ததா, பெட்டி பழையதா, ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டாரா என்றுதான் பேசுவார்கள். மறுநாள் காலையில் சுற்றுவட்டாரத்தில் நாலைந்து தோட்டங்களில் எலக்ட்ரீசியன் நிற்பார். அதை யாரும் அவமரியாதை என்று சொல்வதில்லை. செத்தவரின் சாவு நாலு பேரைக் காப்பாற்றியது என்றே சொல்கிறோம்.

2016 ஏப்ரல் 9 இரவு, அமெரிக்கக் கால்பந்தில் நியூ ஆர்லியன்ஸ் அணியின் முன்னாள் தடுப்பாட்டக்காரர் வில் ஸ்மித் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2010-இல் அந்த நகரம் முதல்முறையாக, அந்த ஆட்டத்தின் பட்டத்தை முடிவு செய்யும் சூப்பர் பவுல் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தவர், வயது 34. கார் மீது கார் இடித்ததில் தொடங்கிய வாய்த்தகராறு. சில நிமிடங்களில் அவர் உடம்பில் எட்டுக் குண்டுகள். அவருடைய மனைவிக்கும் கால்களில் குண்டு பாய்ந்தது. அவருக்குப் பயிற்சி கொடுத்த ஷான் பேட்டன் அந்த வாரமே, துப்பாக்கிகளைத் தாம் வெறுப்பதாகப் பத்திரிகையிடம் வெளிப்படையாகச் சொன்னார். அந்த நகரத்து ரசிகர்களில் வேட்டைக்குப் போகிறவர்களும் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் ஏராளம். பயிற்சியாளர் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசட்டும் என்றவர்களும் இருந்தார்கள்; இப்போது பேசாமல் எப்போது பேசுவது என்றவர்களும் இருந்தார்கள்.

நான் பேட்டன் பக்கம் நிற்கிறேன். தாம் வளர்த்த பையனைப் பறிகொடுத்த மனிதர் அவர். மோட்டார் அறையில் மகனைப் பறிகொடுத்த தகப்பன் எர்த் கம்பியைப் பற்றிப் பேசுகிறான் என்றால், அவன் வாயை மூடச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பிணத்தைக் காட்டி ஓட்டுக் கேட்பதும், எதிர்த் தரப்பை ஏசுவதற்கு ஒரு சாவைக் கருவியாக்குவதும் தவறு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சாவுக்கான காரணத்தைக் கேட்பதை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

*

கேள்வி: நான் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கிறேன். என் அப்பாவும் வைத்திருந்தார், ஒருவரையும் சுட்டதில்லை. தோப்பில் தனி வீடு, சுற்றிலும் ஆளரவம் கிடையாது. சந்தீப்பின் இடுப்பிலும் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்பது என் எண்ணம். கெட்டவனிடம் துப்பாக்கி இருக்கும்போது நல்லவனிடம் இருந்து பிடுங்குவது என்ன நியாயம்?
– தென்னை விவசாயி, பொள்ளாச்சி

பதில்: தனித் தோப்பில் குடும்பத்தோடு இருப்பவரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், அண்ணா. கொங்கு நாட்டில் தோட்டத்து வீடுகளில் வயதானவர்கள் தாக்கப்பட்ட செய்தியைப் படித்துவிட்டு இரவில் எழுந்து கதவுத் தாழ்ப்பாளைத் திரும்பவும் பார்த்தவர்களில் நானும் ஒருவன். உங்களிடமிருந்து எதையும் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் துப்பாக்கி இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்ற கணக்கை நடந்தவற்றோடு வைத்துப் பார்ப்போம்.

வில் ஸ்மித்தின் காரிலும் தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கி ஒன்று இருந்ததைக் காவல்துறை கண்டெடுத்தது. அது வெடிக்கவே இல்லை. சந்தீப்பைச் சுட்டவர்கள் கூட்டமாக, காத்திருந்து, திட்டமிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு முதல் குண்டு எப்போது பாயும் என்று தெரியும், அவருக்குத் தெரியாது. திடீரென்று சுடுகிறவனுக்கும் சுடப்படுகிறவனுக்கும் இடையே இருப்பது அந்த ஒரு கண நேரம். இடுப்பில் இருக்கும் துப்பாக்கியால் அதை ஈடுகட்ட முடிவதில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அதைச் சொல்ல நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே ஓர் ஊரில் மாசித் திருவிழாவை ஒட்டி நடந்த கபடிப் போட்டி. இறுதி ஆட்டம் தொடங்கும்போதே இரவு ஒரு மணி தாண்டிவிட்டது. ஃபோகஸ் லைட்டைச் சுற்றி ஈசல் பறந்துகொண்டிருந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, பாடிப் போனவர் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தபோது இன்னொரு கால் தரையில் இருந்ததா, தூக்கியிருந்ததா என்று தகராறு வந்தது. நடுவரின் சட்டையைப் பிடித்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. ஓர் இளைஞன் கொடி கட்டியிருந்த சவுக்குக் கம்பைப் பிடுங்கிக்கொண்டு எதிரணித் தலைவனை நோக்கி ஓடினான். இருபதடி தூரம் இருக்கும். அந்த இருபதடியை அவன் கடப்பதற்குள், கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் எழுந்து, தோளில் இருந்த துண்டைத் தரையில் வீசிவிட்டுக் குறுக்கே நின்றார். “தம்பி, மொதல்ல கம்பைக் கீழ போடுங்க. கால் தரையில இருந்துச்சா இல்லையாங்கறதை அப்பறம் பேசிக்கலாம். நாளைக்கு ரெண்டு ஊருக்காரரும் ஒரே பஸ்ஸுல தானுங்க போகோணும்” என்றார். கம்பு ஓங்கியபடியே ஒரு நொடி நின்றது. அவன் கை நடுங்கியதை நான் பார்த்தேன். பிறகு கம்பைப் போட்டுவிட்டு, தரையில் கிடந்த துண்டை எடுத்துத் தட்டி அவரிடம் கொடுத்தான்.

அவன் கையில் இருந்தது துப்பாக்கியாக இருந்திருந்தால், அந்த மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுவதற்கே நேரம் இருந்திருக்காது. நம் ஊர்ச் சண்டைகளில் எப்போதும் விலக்கிவிட ஓர் ஆள் இருப்பார். டீக்கடைக்காரரோ, பெரியப்பாவோ, பக்கத்துக் காட்டுக்காரரோ யாராவது நடுவில் புகுந்துவிடுவார்கள். கம்புக்கும் கைக்கும் நடுவே அவர்களுக்கு இடம் இருக்கிறது. துப்பாக்கி அந்த இடத்தை எடுத்துவிடுகிறது. வில் ஸ்மித்தின் வழக்கைப் படித்தபோது அதுதான் என்னை உறுத்தியது. சுட்டவரும் கால்பந்து ஆடியவரே. இருவருக்கும் முன்பகை ஏதும் இல்லை. கார் இடித்தது, இறங்கினார்கள், கத்தினார்கள். நியூ ஆர்லியன்ஸிலும் விலக்கிவிடுகிற மனிதர்கள் இருப்பார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட சில நொடிகள் கிடைக்கவில்லை. சுட்டவருக்கு 25 ஆண்டுச் சிறைத் தண்டனை. ஜூரிகள் (வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள்) ஒருமித்துச் சொல்லாத தீர்ப்பு என்பதால் அது ஒருமுறை ரத்தாகி, 2024-இல் மறுவிசாரணை நடந்து, திரும்பவும் அதே 25 ஆண்டுகள் விதிக்கப்பட்டன. இரண்டு குடும்பங்கள் எட்டு ஆண்டுகள் நீதிமன்றப் படியேறின, ஒரு கார் இடித்ததற்காக.

உங்கள் துப்பாக்கியைப் பற்றி ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தோட்டாவை வேறு இடத்திலும் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியிலும் வையுங்கள். சாவி இருக்கும் இடம் உங்கள் வீட்டு இளவட்டங்களுக்குத் தெரிய வேண்டாம்.

*

கேள்வி: இந்தியாவில் துப்பாக்கிச் சட்டம் கடுமையானது என்கிறார்கள். அப்படியிருந்தும் பல பேர் பார்க்க ஒரு கபடி வீரரைச் சுட முடிந்திருக்கிறது. அப்படியானால் சட்டத்தால் என்ன பயன்?
– சட்டக் கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம், நீங்கள் படிக்கிறவர், பிழை இருந்தால் எழுதுங்கள்.

நம்மை ஆள்வது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-இன் ஆயுத விதிகளும். அமெரிக்காவில் 1791-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை மக்களின் உரிமையாகப் பேசுகிறது. 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது தனிமனிதரின் உரிமையே என்று உறுதி செய்தது. நம் நாட்டில் அப்படி ஓர் உரிமை இல்லை. 21 வயது ஆகியிருக்க வேண்டும், காரணம் காட்ட வேண்டும், காவல்துறை விசாரித்து அறிக்கை தர வேண்டும். அதன்பிறகு உரிமம் தருவதும் மறுப்பதும் அதிகாரிகளின் முடிவு. 2019-இல் வந்த திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கல்யாணத்திலும் ஊர்வலத்திலும் பிறருக்கு ஆபத்து நேரும்படி சுட்டுக் கொண்டாடினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கள்ளத்தனமாகத் துப்பாக்கி செய்து விற்பவருக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதை நம் ஊர்களிலேயே பார்க்கிறோம்.

சந்தீப் கொலையில், கபடி அமைப்புகளுக்கு இடையிலான போட்டியும் அதற்குப் பின்னால் இருந்த கும்பல்களும்தான் காரணம் என்று காவல்துறை சொன்னது. ஆக, வாய்த்தகராறில் கை நீண்டுவிட்ட கொலை அன்று அது. நான் மேலே சொன்ன டிரில் மாஸ்டர் அங்கே நின்றிருந்தாலும் பயன் இருந்திருக்காது. அத்தகைய கொலையைத் தடுக்க வேண்டிய இடம் களம் அன்று. துப்பாக்கி கைமாறும் இடம், பணம் கைமாறும் இடம். போட்டிகளில் யார் பணம் போடுகிறார்கள், எந்த அணியை யார் விலைக்கு வாங்குகிறார்கள் என்று கேட்காமல் விட்டுவிட்டு, கொலைக்குப் பிறகு துப்பாக்கியை மட்டும் தேடினால் பாதி வேலைதான் நடக்கும்.

சந்தீப் கொல்லப்பட்ட அதே 2022-இல் மே 29 அன்று பாடகர் சித்து மூசேவாலாவும் சுட்டுக் கொல்லப்பட்ட பின், நவம்பரில் பஞ்சாப் அரசு பொது இடங்களிலும் சமூக ஊடகங்களிலும் ஆயுதங்களைக் காட்டுவதற்கும், துப்பாக்கியைப் போற்றும் பாட்டுகளுக்கும் தடை விதித்தது. கொடுத்திருந்த உரிமங்களை எல்லாம் மூன்று மாதங்களுக்குள் மறுபடி ஆராயவும் உத்தரவிட்டது. பாட்டுக்குத் தடை போட்டால் கொலை நின்றுவிடுமா என்று கேட்டவர்கள் உண்டு. நின்றுவிடாது. ஆனாலும் துப்பாக்கியை வைத்திருப்பது வீரம் என்ற எண்ணத்தின் மீது ஓர் அரசு கை வைத்தது சரி என்றே கருதுகிறேன். கள்ளத்துப்பாக்கியை வாங்குகிறவன் முதலில் வாங்குவது அந்த எண்ணத்தைத்தான்.

சட்டம் முழுமையாகத் தடுக்கவில்லை என்பதால் பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. சாலையில் ஒரு கார் இடித்தால் நாம் இறங்கிக் கத்துகிறோம், சட்டையைக்கூடப் பிடித்துக்கொள்கிறோம். எதிராளியின் டேஷ்போர்டில் துப்பாக்கி இருக்குமோ என்று நினைத்துக்கொண்டு யாரும் இறங்குவதில்லை. கோவை அவினாசி சாலையில் மாலை ஆறு மணிக்கு நடக்கும் சண்டைகள் அத்தனையும் வாயோடு முடிகின்றன என்றால், அதில் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

*

கேள்வி: எங்கள் மானாவாரிக் காட்டைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகிறது. துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றி நகரத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு அது தெரியுமா?
– மக்காச்சோள விவசாயி, சத்தியமங்கலம்

பதில்: தெரிந்திருக்க வேண்டும். விளைந்த காட்டை ஓர் இரவில் இழப்பவரின் வயிற்றெரிச்சலுக்கு நான் பதில் சொல்ல முடியாது. இழப்பீடு காலத்தில் கிடைக்க வேண்டும், வனத்துறையின் ஆள் அழைத்தால் வர வேண்டும் என்று உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை மட்டும் நாடாதீர்கள். பன்றிக்கென்று வைத்திருந்தது வரப்புத் தகராறு வந்த அன்று எதற்குப் பயன்படும் என்று உங்களுக்கே தெரியும். தீனிக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காயும் அப்படியே; கடித்த பன்றியோடு நிற்பதில்லை, மேயப்போன மாட்டின் வாயும் கிழிகிறது.

*

கேள்வி: ஒரு சாவுக்குப் பிறகு நாட்டின் துப்பாக்கிச் சட்டம் உண்மையிலேயே மாறியது என்று எங்காவது உண்டா? அல்லது எல்லாரும் அழுதுவிட்டு அடுத்த ஆட்டத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்களா?
– கிரிக்கெட் ரசிகர், நாமக்கல்

பதில்: உண்டு. நீங்கள் கிரிக்கெட் ரசிகர் என்பதால் இது நினைவிருக்கும். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு மசூதிகளில் ஒருவன் சுட்டதில் 51 பேர் இறந்தார்கள். மறுநாள் தொடங்கவிருந்த டெஸ்ட்டுக்காக அங்கே இருந்த வங்கதேச அணியினர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அதே மசூதிகளில் ஒன்றுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார்கள். அணித் தலைவரின் பத்திரிகையாளர் சந்திப்பு சற்று நீண்டுவிட்டதால் சில நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தச் சில நிமிடம்தான் அவர்களைக் காத்தது. டெஸ்ட் கைவிடப்பட்டது. ஒரு மாதம் முடிவதற்குள், ஏப்ரல் 10 அன்று, பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளை (விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டு சுட்டு, அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்பவை)த் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 119–1 என்ற வாக்கில் நிறைவேற்றியது. மக்களிடமிருந்து விலை கொடுத்து 50,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அரசு திரும்ப வாங்கியது. ஆஸ்திரேலியாவும் 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பின் அப்படியே செய்து, சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை வாங்கி அழித்தது.

அந்த இரண்டு நாடுகளிலும் வேட்டைக்காரர்களும் விவசாயிகளும் இருந்தார்கள், எதிர்ப்பும் இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: ஐயா, என் மகனின் கூட்டாளி, அவனோடு ஒரே அணியில் கபடி ஆடிய பையன், சென்ற மாதம் ஒரு தகராறில் வெட்டுப்பட்டு இறந்துவிட்டான். ஆட்களைப் பிடித்துவிட்டார்கள். என் மகன் செல்போன் ஸ்டேட்டஸில் “ரத்தத்துக்கு ரத்தம்” என்று வைத்திருக்கிறான். வருகிற போட்டிக்கு அவன் நினைவாக ஃபிளெக்ஸ் வைக்கப் போகிறார்களாம். அதில் அந்தப் பையனின் கையில் துப்பாக்கி இருப்பதுபோல் கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறார்கள். சாகும்வரை அவன் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. என் பேச்சை மகன் கேட்பதில்லை. எனக்குத் தூக்கம் வருவதில்லை.
– ஒரு தாய், கரூர்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இந்த இதழுக்கு வந்தவற்றில் நான் மிகவும் நேரம் எடுத்துக்கொண்ட கடிதம் இதுதான்.

உங்கள் மகன் கெட்டவன் இல்லை. கூட்டாளியைப் பறிகொடுத்திருக்கிறான், அந்த வலியை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. ஆண் பிள்ளை அழக் கூடாது என்று சொல்லியே வளர்த்துவிட்டோம். அழ வழியில்லாத துக்கம் ஸ்டேட்டஸில் ரத்தமாக வருகிறது. அவனை அழவிடுங்கள். ஸ்டேட்டஸை எடு என்பதிலிருந்து பேச்சைத் தொடங்காதீர்கள். “அந்தப் பையன் நம் வீட்டில் என்ன விரும்பிச் சாப்பிடுவான்” என்பதிலிருந்து தொடங்குங்கள்.

அவனிடம் சொல்வதற்கு ஒரு நிஜக் கதை தருகிறேன். கொலம்பியாவின் கால்பந்து வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், 1994 உலகக் கோப்பையில் ஜூன் 22 அன்று அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் பந்தைத் தடுக்கப்போய்த் தவறுதலாகச் சொந்த வலைக்குள்ளேயே தட்டிவிட்டார். அணி வெளியேறியது. வாழ்க்கை இத்துடன் முடிந்துவிடவில்லை என்று செய்தித்தாளில் மக்களுக்கு எழுதினார். ஊர் திரும்பிய அவரை ஜூலை 2 அதிகாலையில், மெடலின் நகரின் ஒரு கேளிக்கை விடுதிக்கு வெளியே, அந்தக் கோலைச் சொல்லிச் சீண்டியவர்களோடு வந்த ஓர் ஆள் சுட்டுக் கொன்றான். வயது 27. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறுதி அஞ்சலிக்குத் திரண்டார்கள். 43 ஆண்டுத் தண்டனை பெற்ற கொலையாளி ஏறத்தாழ 11 ஆண்டுகளில் வெளியே வந்துவிட்டான். மெடலின் அந்தக் காலத்தில் பழிக்குப் பழி என்றே வாழ்ந்த நகரம். ஆனால் எஸ்கோபாரை நினைவுகூர அந்த நகரம் வைத்த சிலையின் கையில் ஆயுதம் இல்லை. பந்து ஆடுகிற மனிதராகத்தான் நிற்கிறார்.

ஃபிளெக்ஸ் விஷயத்தை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம். இறந்த பையனின் தாயைப் போய்ப் பாருங்கள். அந்தப் படம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் முதல் உரிமை அவருக்குத்தான். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பையன்கள் மீற மாட்டார்கள். போட்டிக் கமிட்டியில் உள்ள பெரியவர்களிடமும் சொல்லிவையுங்கள். அச்சகத்துக்காரரிடமும் பேசலாம், ஆயுதம் இருக்கும் படத்தை அடிக்க அவரே தயங்குவார், பிறகு காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். எதிர்த் தரப்புப் பையன்கள் யாருடைய பெயராவது மகனின் செல்போனில் அடிபட ஆரம்பித்தால், அன்றைக்கே அவனுக்குப் பயிற்சி கொடுப்பவரிடம் சொல்லுங்கள். அவர் அழைத்துப் பேசட்டும். நாள் கடத்தாதீர்கள்.

அந்தப் பையன் களத்தில் இருக்கும் படம் ஒன்றாவது யாரிடமாவது இருக்கும். மண் ஒட்டிய முழங்காலோடு, கையை நீட்டிக்கொண்டு பாடிப் போகிற படம். அதைத் தேடி எடுத்து மகனிடம் கொடுங்கள்; ஃபிளெக்ஸுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் அவனாகவே இருக்கட்டும். போட்டி முடிந்ததும் எப்படி இருந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அம்மா. காத்திருப்பேன்.